பதினான்கு பலகைப் பெரும்போர்

வாழ்க! இரண்டாம் மாடியின் இடப்பக்கத்து வீட்டை ஆளும் ஏகாதிபதி வாழ்க! சிவப்புப் பேனாவைச் செங்கோலாய்த் தாங்கியவன், சட்டைப்பையில் கால்குலேட்டரை மார்புக் கவசமாய் அணிந்தவன், எவர் எதைக் கேட்டாலும் அதில் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதே அறம் என்று வாழ்பவன், கோப்பு வெட்டிய கோமான், பட்டியல் பிளந்த பெருமான், அவனுடைய புகழைப் பாடவே இந்த ஏடு விரிகிறது. மலை பெயர்த்தவர்களையும் கடல் தாண்டியவர்களையும் முன்னோர்கள் பாடித் தீர்த்துவிட்டார்கள். ஹாலின் ஒரு மூலையைத் தடுத்து அறையாக்க எத்தனை ஜிப்சம் போர்டுப் பலகை வேண்டும் என்று கணக்குப் போட்டவனை மட்டும் இதுவரை எவரும் பாடவில்லை. அந்தக் குறையை இன்றோடு தீர்த்துவிடலாம்.

அளவு நாடாவே, முதல் வணக்கம் உனக்கு. மஞ்சள் மேனியும் இரும்பு நாவும் கொண்டு, இழுத்தால் நீண்டு, விட்டால் விரலைக் கடிப்பவளே, இந்தக் கதை முடியும்வரை என் கைக்கு அடங்கியிரு. கால்குலேட்டரே, அடுத்த வணக்கம் உனக்கு. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லி, கேட்க மறந்த கேள்வியைப் பற்றி வாயே திறக்காத உன் கண்ணியம் மனிதர்களில் யாருக்கும் வராது. அந்தக் கண்ணியத்தால் நம் தலைவன் எப்படிக் கெட்டான் என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

தலைவனின் வீரப் பரம்பரையைச் சொல்லாமல் போருக்குள் நுழைவது முறையல்ல. ஒரு பெரிய அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் அவன் தலைமை இருக்கையில் அமர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மேசைக்கு வரும் எந்தக் கோரிக்கையையும் வெட்டாமல் அவன் கையெழுத்திட்டதில்லை. நூறு கோப்பு கேட்டால் எண்பது, ஐம்பது நாற்காலி கேட்டால் நாற்பது, இருபத்தைந்து பெட்டி காகிதம் கேட்டால் இருபது. வெட்டிய ஒவ்வொரு எண்ணின் தலையிலும் சிவப்பு மையில் ஒரு கோடு; அதன் கீழே சிங்கம் கால் பதித்தது போல ஒரு கையெழுத்து. கீழே வேலை செய்பவர்கள் முதல் இரண்டு மாதம் அழுதார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து இருபது வேண்டுமென்றால் இருபத்தைந்து என்று எழுதக் கற்றுக்கொண்டார்கள். அன்று முதல் அவனும் வென்றான், அவர்களும் வென்றார்கள், அலுவலகமும் நடந்தது. இந்த ஏற்பாடு தெரியாத ஒரே ஆள் அந்தப் பிரிவில் அவன் மட்டுமே.

தலைவிக்கு வருவோம். அவள் கணக்கு ஆசிரியை. மாலை ஐந்து முதல் ஏழு வரை, ஹாலின் மூலையில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கணினி, கணினிக்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அமைதி கிடைத்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை. பின்னங்களை அவள் விளக்கும்போது மிக்ஸி முழங்கும். சமன்பாட்டின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும்போது குக்கர் விசில் அடிக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அலுவலகத்திலிருந்து திரும்பிக் குளித்த நம் தலைவன், இடுப்பில் துண்டோடு, ஈரம் சொட்டச் சொட்ட, அவள் முதுகுக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டியை நோக்கி நடைபோடுவான். முப்பத்தொரு வீடுகளில் அந்த ஊர்வலம் ஒரே நேரத்தில் தெரியும்.

பாடம் நடத்தும் நிறுவனம் பொறுத்துப் பார்த்தது. பிறகு ஒரு கடிதம் அனுப்பியது. பின்னணியில் சமையல் ஓசை, தொலைக்காட்சி ஓசை, மேலும் துண்டு கட்டிய ஒருவர், என்று வரிசையாய்க் குறிப்பிட்டு, அடுத்த மாதம் முதல் தேதிக்குள் அமைதியான தனி அறை இல்லையென்றால் வகுப்பு வேறொரு ஆசிரியைக்குப் போய்விடும் என்று முடித்திருந்தது. கையில் இருந்தது இருபத்து நான்கு நாள். கடிதத்தைப் படித்ததும் அவள் நாட்காட்டியில் முதல் தேதியை வட்டமிட்டாள். தலைவனோ கடிதத்தை இருமுறை படித்து, "துண்டு கட்டிய ஒருவர்" என்ற இடத்தில் மட்டும் எழுத்து நடை சரியில்லை என்று கருத்துச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு காலை ரசமட்டம் வந்தார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அந்தக் கருவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். அதனால் ஊரே அவரை அப்படித்தான் அழைக்கும். காவியத் தலைவனை "அவன்" என்பது மரபு. வேலை தெரிந்தவரை "அவர்" என்பது என் வழக்கம். அவர் ஹாலின் மூலையில் நின்றார். அந்தப் பக்கம் நடந்தார், இந்தப் பக்கம் நடந்தார், உத்தரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், விரல்களை மடக்கி விரித்தார். பதினாலு போர்டு ஆகும், தகரச் சேனல் இவ்வளவு, திருகாணி ஒரு பெட்டி, ஒட்டுப் பட்டை இரண்டு சுருள், பட்டி மாவு ஒரு மூட்டை, நடுவில் வைக்கப் பஞ்சு என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டினார்.

"உள்ள பஞ்சு வச்சு மூடிட்டா போதும் டீச்சர். வெளிய இடி இடிச்சாலும் உள்ள கேக்காது," என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டபோது தலைவியின் முகத்தில் தோன்றிய ஆசையைத் தலைவன் பார்க்கவில்லை. அவன் பார்வை அந்த உள்ளங்கையில், பதினாலு என்ற எண்ணின்மேல், ஆட்டைக் கண்ட கத்திபோல் பதிந்திருந்தது. செலவழியப் போவது அவள் இரண்டு வருடம் பாடம் நடத்திச் சேர்த்த பணம் என்பதைக் காவியம் ஓரமாய்க் குறித்துக்கொண்டு மேலே செல்கிறது.

எழுந்தான் தலைவன். எழுந்து நின்று, ஹாலின் நான்கு சுவர்களும் சாட்சியாக இப்படி முழங்கினான்: "கண்ணால பார்த்துச் சொல்ற கணக்கெல்லாம் என்கிட்ட செல்லாது. அளந்து, எழுதி, நான் போட்டுக் காட்றேன்." ரசமட்டம் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற மனைவி கணக்கு ஆசிரியை என்பதோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்பதோ தலைவனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மாலை போர் தொடங்கியது. வகுப்பும் தொடங்கியது. அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாததால், அதைத் தரையில் வைத்து அதன்மேல் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை ஏற்றி, மறுமுனையைக் கையில் பற்றி, முழங்காலால் நகர்ந்து, நாற்காலிகளை ஒதுக்கி, சோபாவை இடம்பெயர்த்து, வழியில் கிடந்த செருப்பைப் புறங்கையால் வீழ்த்தி, அவன் முன்னேறிய காட்சியை வருணிக்க எனக்கு இன்னொரு நாக்கு வேண்டும். பத்தாவது அடியை அவன் தொட்டபோது செம்பு சாய்ந்தது. நாடா சீறிப் பாய்ந்து வந்து கட்டைவிரலைக் கவ்வியது. ஹாலில் வெள்ளம். ஆயினும் அவன் வாயிலிருந்து முனகல்கூட வரவில்லை. ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான் வந்தது, அதுவும் முப்பத்தொரு வீடுகளுக்கு மட்டும் கேட்டது.

துடைத்துவிட்டு மீண்டும் அளந்தான். மூலையைத் தடுக்க இரண்டு சுவர்கள். ஒன்று பத்தடி, மற்றது பன்னிரண்டடி. உயரம் ஒன்பதடி. கதவுக்கு மூன்றுக்கு ஏழு. கடையில் கிடைக்கும் பலகை எட்டுக்கு நான்கு, அதாவது முப்பத்திரண்டு சதுர அடி. இருபத்திரண்டை ஒன்பதால் பெருக்கினான், நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கதவின் இருபத்தொன்றைக் கழித்தான், நூற்று எழுபத்தேழு. முப்பத்திரண்டால் வகுத்தான், ஐந்தரைக்குச் சற்று மேல். கால்குலேட்டர் தன் கண்ணியம் மாறாமல் அந்த விடையை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

தலைவனின் மார்பு விம்மியது. பதினாலு எங்கே, ஆறு எங்கே! பாதிக்கும் மேல் கொள்ளை! இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்படி ஒரு வெட்டு அவனுக்கே வாய்த்ததில்லை. காகிதத்தைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வகுப்பு நடப்பதையும் மறந்து, "ஆறு! ஆறே ஆறு போர்டு!" என்று அவன் அறிவித்த ஒலி மேசைமேல் இருந்த ஒலிவாங்கியில் மோதித் திசையெங்கும் பரவியது.

தலைவி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டிக் காகிதத்தை வாங்கி ஒருமுறை பார்த்தாள். பிறகு வழக்கமான குரலில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தாள். பத்தடியும் பன்னிரண்டடியுமாக இரண்டு தடுப்புச் சுவர், ஒன்பதடி உயரம், ஒரு கதவு, பலகை இன்ன அளவு. ஒருவர் ஆறு பலகை போதும் என்கிறார், சரியா என்று கேட்டாள். கணினியில் கொஞ்ச நேரம் பென்சில் உரசும் ஒலி மட்டும் வந்தது. பிறகு ஒரு சிறுமியின் குரல், மிகுந்த மரியாதையோடு வந்தது.

"மிஸ், சுவருக்கு அந்தப் பக்கம் யார் போர்டு போடுவாங்க?"

முப்பத்தொரு வீடுகளும் சிரித்தன. நடுவில் தகரச் சேனலைச் சட்டமாய் நிறுத்தி, அதன் இருபுறமும் பலகை அடிப்பதுதான் தடுப்புச் சுவர். தலைவன் ஒருபுறம் மட்டுமே கணக்கிட்டிருந்தான். அவன் சுவரைக் கட்டினால், உள்ளே இருப்பவருக்குச் சுவரும் வெளியே இருப்பவருக்கு எலும்புக்கூடும் தெரியும். இதைக் கேட்ட தலைவனின் முகத்தைச் சொல்ல வேண்டுமா? சொல்கிறேன். காது சிவந்தது, மூக்கு வியர்த்தது, துண்டு நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் அறைக்குள் பின்வாங்கினான்.

பின்வாங்கினான் என்றேனே, தோற்றான் என்றா சொன்னேன்? மறுநாள் அவன் புது பலத்தோடு களம் புகுந்தான். இருபுறமும் சேர்த்து முந்நூற்று ஐம்பத்து நான்கு சதுர அடி. வகுத்தான். விடை, பதினொன்று, புள்ளி, சுழியம், ஆறு. அந்தப் புள்ளியைக் கண்டு அவன் துடித்த துடிப்பு இருக்கிறதே! பதினொரு பலகையில் முந்நூற்று ஐம்பத்திரண்டு அடி அடங்கிவிடும். மிச்சம் இரண்டே சதுர அடி. ஒரு முறத்தின் பரப்பு. அந்த இரண்டு அடிக்காகப் பன்னிரண்டாவது பலகை ஒன்றை முழுவிலை கொடுத்து வாங்குவதா? அவன் இருக்கும்வரை அது நடக்காது.

அன்றிலிருந்து மூன்று நாள், அந்த இரண்டு சதுர அடியை ஒழித்துக்கட்ட அவன் செய்த போரைப் போல் ஒரு போர் இல்லை. சுவரில் வரப்போகும் சுவிட்சுப் பெட்டி நான்கின் பரப்பைக் கழித்தான்; ஓரடிகூடத் தேறவில்லை. கதவை அரை அங்குலம் அகலமாக்கினான். குளிர்காற்றுக்கு ஒரு துவாரம் வைக்கலாமா என்று யோசித்தான். சத்தம் வராமலிருக்கக் கட்டும் சுவரில் துவாரம் எதற்கு என்று தலைவி கேட்டதால் அதைக் கைவிட்டான். முடிவில், அறைக்குள் புத்தக அலமாரி எப்படியும் நிற்கும், அதன் பின்னால் கீழ்ப்பகுதியில் பலகை இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்ற மகா உண்மையைக் கண்டடைந்தான். இரண்டு அடியும் வீழ்ந்தன. பதினொன்று நின்றது.

இந்த வெற்றியைச் சொல்ல ரசமட்டத்தை வரவழைத்தான். அவர் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. பொறுமையாகச் சொன்னார்: "பரப்பு சரிதான் சார். ஆனா போர்டு மாவு மாதிரி இல்ல, மிச்சத்த உருட்டி ஒட்ட முடியாது. நிக்கறதுக்குப் பதினொன்னு வேணும். போர்டு எட்டடி, உங்க சுவரு ஒன்பதடி, தலைக்கு மேல ஒரு அடி பாக்கி, அதுக்கு ரெண்டு. மாடிப்படிக்கு ஒன்னு."

மாடிப்படிக்கு எதற்குப் பலகை என்று தலைவன் நகைத்தான். ரெண்டு மாடி ஏத்தும்போது ஒன்று எப்படியும் உடையும், முப்பது வருடமாக உடைந்துகொண்டுதான் இருக்கிறது என்றார் அவர். கதவுக்கு வெட்டிய துண்டுகளைத் தலைக்கு மேல் ஒட்டினால் என்ன என்று கேட்டான். ஒட்டலாம், ஆறு மாதத்தில் ஒட்டிய இடமெல்லாம் விரிசல் விடும் என்றார். தலைவன் பதினொன்றிலிருந்து இறங்கவில்லை. ரசமட்டம் இடுப்புக் கருவியைச் சரிசெய்துகொண்டு, பதினொன்றில் முடிக்கிற ஆள் யாராவது கிடைத்தால் தனக்கும் காட்டச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனதும் தலைவன் தனியாகவே போரை நடத்தினான். ஆறு கடைகளுக்குப் போய் ஆறு விலைப்பட்டியல் வாங்கினான். கடைகளுக்குப் போய்வந்த பெட்ரோலில் ஒரு பலகை வாங்கியிருக்கலாம். கட்டம் போட்ட தாளில் திருகாணிகளை ஒவ்வொன்றாய்ப் புள்ளி வைத்து எண்ணி, எட்டு அங்குலத்துக்கு ஒன்று என்பதை ஓரடிக்கு ஒன்று ஆக்கி, நூற்றுச் சொச்சம் திருகாணிகளைப் பலி கொண்டான். பட்டி மாவில் தண்ணீரைக் கூட்டினால் மூட்டையில் கால்பங்கு மிஞ்சும் என்று கண்டான். சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் பட்டியல், படுக்கைக்குப் பக்கத்தில் பட்டியல். காகிதத்தில் அந்த அறை ஏழுமுறை கட்டப்பட்டு ஏழுமுறை இடிக்கப்பட்டது. ஹாலின் மூலையில் மட்டும் ஒரு சேனல்கூட நிற்கவில்லை.

பதினைந்து நாள் போயிற்று. மீதி ஒன்பது.

அன்று ஞாயிறு; காலையில், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே தலைவி பேசினாள். அவள் சத்தம் போடவில்லை. "என்னங்க, இந்த வகுப்பு போச்சுன்னா எனக்கு வேற வகுப்பு கிடைக்காது. வீட்ல எல்லாருக்கும் எல்லாம் இருக்கு. எனக்குன்னு இருக்கறது அந்த ரெண்டு மணி நேரந்தான். அதையும் எடுத்துடாதீங்க."

இந்த இடத்தில் காவியம் கொஞ்சம் நிற்கிறது. பகடி செய்ய வந்த எனக்கே இங்கே வாய் வரவில்லை. ஒரு மனிதன் இதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். நம் தலைவன் வைக்கவில்லை. "உனக்காகத்தானே ராப்பகலா இப்படிக் கணக்குப் போடறேன்," என்று உருக்கமாகச் சொல்லிவிட்டு எட்டாவது பட்டியலைத் தொடங்கினான். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அன்று மதியம் சாப்பிடும்போது தலைவன் தன் அலுவலக வெற்றிகளைச் சொல்லி உணவுக்குச் சுவை சேர்த்தான். போன வாரம் நூறு கோப்பு கேட்டதற்கு எண்பது கொடுத்ததையும், முப்பது விளக்கு கேட்டதற்கு இருபத்து நான்கு கொடுத்ததையும் அவன் விரித்துரைக்க, பதினைந்து வருடமாக அரைக் காதில் கேட்டுவந்த அந்தக் கதைகளை அன்றைக்கு முதன்முறையாக அவள் ஒரு கணக்கு ஆசிரியையாகக் கேட்டாள். நூறுக்கு எண்பது. முப்பதுக்கு இருபத்து நான்கு. பதினாலுக்கு? ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் பதினொன்று, புள்ளி, இரண்டு. அளவு நாடா, செம்பு, கட்டைவிரல், சுவிட்சுப் பெட்டி, அலமாரியின் பின்புறம் எல்லாவற்றையும் தாண்டி அவன் வந்து சேர்ந்த பதினொன்று, எதையும் அளக்காமலே அவன் பேனா வந்து சேர்ந்திருக்கக்கூடிய அதே பதினொன்றுதான். அவள் தட்டின் ஓரத்தில் விரலால் அந்தக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். பிறகு அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

சாப்பிட்டு அவன் கண்ணயர்ந்ததும் பால்கனிக்குப் போய் ரசமட்டத்துக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நாளைக்கு வந்து பதினெட்டு போர்டு ஆகும்னு சொல்லணும்."

"பதினாலு போதும் டீச்சர். மிச்சம் நாலை நான் என்ன பண்றது?"

"சொல்றதுதான் பதினெட்டு. வாங்கப் போறது பதினாலுதான்."

முப்பது வருடத் தொழிலில் ஒரு பலகைகூடக் கூட்டிச் சொன்னதில்லை, இந்த வயதில் பொய் சொல்லச் சொல்கிறீர்களே என்று அவர் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தம் நியாயமானது. அவள் மறுக்கவில்லை.

"பொய் இல்லண்ணே, கணக்கு. அவரு எதைப் பார்த்தாலும் அஞ்சுல ஒரு பங்கு வெட்டுவாரு. வெட்டின பிறகு பதினாலு நிக்கணும்னா முதல்ல பதினேழரை இருக்கணும். அரை போர்டு கடையில விக்க மாட்டாங்க. அதான் பதினெட்டு."

மறுமுனையில் கணக்கு ஓடியது. விரல் மடக்கும் ஓசை கேட்காது. ஆனாலும் அவர் மடக்கிப் பார்த்தார் என்றே நம்புகிறேன். "கணக்கு சரியாத்தான் இருக்கு டீச்சர்," என்றார் கடைசியில்.

மறுநாள் காலை, தலைவன் அலுவலகத்துக்குக் கிளம்பும் வேளையில், இறுதிப்போர் மூண்டது. ரசமட்டம் இம்முறை தன் அளவு நாடாவோடு வந்தார். தரையை அளந்தார், உயரத்தை அளந்தார், தேவையே இல்லாமல் ஜன்னலையும் அளந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு காகிதத்தில் போர்டு முதல் பஞ்சு வரை பட்டியல் எழுதி, முதல் வரியைத் தலைவனிடம் காட்டினார். பதினெட்டு.

வானம் இடிந்தது என்று பாட ஆசைதான். மின்விசிறி ஒருமுறை முனகியதோடு சரி. தலைவனின் கண்கள் விரிந்தன, கைப்பை தரையில் விழுந்தது, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானே எழுந்து வந்ததோ என்று ஐயுறும் வேகத்தில் கையில் ஏறியது. அன்றைக்குப் பதினாலு என்றவர் இன்றைக்குப் பதினெட்டு என்கிறாரே, எந்த ஊர் நியாயம் இது என்று கேட்டான். அன்றைக்குக் கண்ணால் பார்த்தது, இன்றைக்கு நீங்கள் சொன்னபடி நாடா வைத்துப் பார்த்தேன் என்று அவர் பணிவாகச் சொன்னார். அவன் சீறினான். அவர் தலைகுனிந்தார். அவன் சந்தையை, காலத்தை, மனிதகுலத்தின் நேர்மையை எல்லாம் அழைத்து நியாயம் கேட்டான். அவர் இன்னும் கொஞ்சம் தலைகுனிந்தார். அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமானது. அவனுடைய பணிவரலாற்றில் அது முதல்முறை.

முடிவில் தலைவன் காகிதத்தைச் சுவரில் வைத்து, பதினெட்டின் தலையில் சிவப்புக் கோடு கிழித்து, இவ்வாறு பிரகடனம் செய்தான்: "உங்க வாயால சொன்னது பதினாலு. சொன்ன சொல்லுக்கு மேல ஒரே ஒரு போர்டுகூட இந்த வாசப்படி ஏறாது. பதினாலு!"

பதினொன்று என்று ஒரு எண் இருந்ததே, மூன்று நாள் ரத்தம் சிந்தி அவனே வென்ற எண், அது அந்தக் கணத்தில் அவன் நினைவில் எங்கும் இல்லை. ரசமட்டம் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானம் தாங்காமல் நிற்கிறார் என்று தலைவன் எண்ணினான். முகத்தை நிமிர்த்தினால் என்ன ஆகும் என்று தெரிந்ததால்தான் அவர் நிமிரவில்லை. "எப்படியோ சமாளிச்சுடறேன் சார்," என்றார் தரையைப் பார்த்தபடியே. தலைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெற்றியின் மயக்கத்தில் இருந்த தலைவன், பட்டியலில் கடைசி வரியாக இருந்த பஞ்சை வெட்ட மறந்தே போனான்.

மூன்றாம் நாள் பதினாலு பலகையும் வாசலில் வந்து இறங்கின. பதின்மூன்றை ரசமட்டமும் அவரோடு வேலை செய்பவரும் பத்திரமாய் மேலே ஏற்றினார்கள். கடைசிப் பலகைக்குத் தலைவன் தானே தோள் கொடுத்தான். வேண்டாம் சார் என்றார்கள். வீரனை யார் தடுக்க முடியும்? இரண்டாம் மாடித் திருப்பத்தில், நிமிர்த்துங்க என்று அவர்கள் சொன்னபோது அவன் சாய்த்தான். படிக்கட்டு முழுதும் வெள்ளைப் பொடி. நிற்பதற்குப் பதினொன்று, தலைக்கு இரண்டு, மாடிப்படிக்கு ஒன்று. ரசமட்டம் விளக்குமாறு கேட்டார்.

முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக அறை முடிந்தது. இருபுறமும் பலகை, நடுவில் திணித்த பஞ்சு, திருகாணித் தலை தெரியாமல் பட்டி பூசித் தேய்த்த சுவர், இறுகச் சாத்தும் கதவு. தலைவி மேசையையும் கணினியையும் தானே உள்ளே நகர்த்தினாள். சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. மணி ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

குளித்துத் துண்டு கட்டி, ஈரம் சொட்ட வந்த தலைவன், புதுச் சுவரின் முன் கால்களை அகற்றி நின்றான். இதுவல்லவோ தருணம்! ஒரு கை இடுப்பில், மறுகையில் சிவப்புக் கோடிட்ட காகிதம். திசைகள் கேட்க, மின்விசிறி கேட்க, குளிர்சாதனப் பெட்டி கேட்க, தன் பேருரையைத் தொடங்கினான். பதினெட்டைப் பதினாலாக்கிய பராக்கிரமத்தை, நான்கு பலகைகளைக் காப்பாற்றிய கொடைத்திறத்தை, நாடாவின் கடி தாங்கிய கட்டைவிரலின் தியாகத்தை, தான் ஒருவன் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் எப்போதோ நடுத்தெருவில் நின்றிருக்கும் என்ற பேருண்மையை, ஒரு சொல்லும் வெட்டாமல், ஏற்ற இறக்கங்களோடு, ஏழு மணிவரை அவன் அந்தச் சுவரை நோக்கி முழங்கினான்.

கதவு சாத்தியிருந்ததால் உள்ளே அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.